ஒட்டும்போது தமிழ் உடைகிறதா: கிளிப்போர்டு வடிவப் பொருத்தத்தை அறிகுறி வாரியாகச் சரிசெய்தல்

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் ஒரே ஆர்டர் பல கணினிகளைத் தாண்டிப் போகிறது. வடிவமைப்பவர் மேக்கில் படம் வரைகிறார். மெர்ச்சண்டைசர் விண்டோஸில் எக்செல்லைத் திறந்து அளவு வாரியான எண்ணிக்கையை எடுக்கிறார். கட்டிங் மாஸ்டருக்கான குறிப்பு தமிழில் இருக்கிறது. உற்பத்திக் கணக்கு மென்பொருள் லினக்ஸில் ஓடுகிறது. இவர்களுக்கிடையே தகவல் நகர்வது பெரும்பாலும் நகலெடுத்து ஒட்டுவதால்தான். கரூர் வீட்டு உபயோகத் துணி அலுவலகத்திலும், ஈரோட்டு மஞ்சள் மண்டியிலும், சோமனூர் விசைத்தறிக் கணக்கிலும் இதே நிலைதான்.

அந்த ஒட்டுதல் உடையும்போது பயனர் "தமிழ் வரவில்லை" என்று மட்டும் சொல்வார். அதை வைத்துக்கொண்டு எழுத்துருவை மாற்றிப் பார்ப்பதும் கணினியை மீண்டும் தொடங்குவதும் வீண் வேலை. உடைந்த விதமே காரணத்தைச் சொல்லிவிடும். கேள்விக்குறி வந்தால் ஒரு காரணம், கட்டம் வந்தால் வேறொரு காரணம், பாதியில் அறுந்தால் மற்றொன்று. இப்படிப்பட்ட அலுவலகங்களுக்கு மென்பொருள் எழுதுபவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

எந்த அறிகுறியானாலும் முதலில் பட்டியலைப் பாருங்கள்

கிளிப்போர்டில் இருப்பது ஒரு பொருள் அல்ல. ஒரே உள்ளடக்கத்தை எந்தெந்த வடிவங்களில் தர முடியும் என்ற பட்டியல் அது. ஈரோட்டு மஞ்சள் ஏலத்தில் மேசைமேல் மாதிரி மட்டும் இருக்கும், மூட்டை கிடங்கில் இருக்கும். விலை படிந்த பிறகே மூட்டை அசையும். கிளிப்போர்டும் பல நேரங்களில் அப்படித்தான் வேலை செய்கிறது. நகலெடுத்த நிரல் வடிவங்களின் பெயர்களை மட்டும் அறிவிக்கிறது. ஒட்டும் நிரல் ஒன்றைக் கேட்ட பிறகே தரவு உருவாகிறது.

பெயர்கள் இயங்குதளத்துக்கு இயங்குதளம் வேறுபடுகின்றன. விண்டோஸில் அவை எண்கள். பழைய ஒற்றை பைட் உரைக்கு 1, யூனிகோட் உரைக்கு 13, கோப்புத் தலைப்பில்லாப் படத்துக்கு 8, கோப்புப் பட்டியலுக்கு 15. நிரல்கள் தாமே பதிவுசெய்யும் பெயர்களுக்கு 49152 முதல் 65535 வரையிலான எண்கள் கிடைக்கும். லினக்ஸின் எக்ஸ்11 சூழலில் அவை யூடிஎஃப்8_ஸ்ட்ரிங் போன்ற பெயர்கள். லினக்ஸின் மற்றொரு திரைச் சூழலான வேலாண்டில் நேரடியாக மைம் வகைகள், அதாவது உள்ளடக்கம் எவ்வகை என்று சொல்லும் பொதுப் பெயர்கள். மேக்கில் பப்ளிக் டாட் யூடிஎஃப்8-பிளெயின்-டெக்ஸ்ட் போன்ற நீண்ட அடையாளங்கள். இவை எல்லாவற்றையும் டெக்ஸ்ட்/பிளெயின், டெக்ஸ்ட்/எச்டிஎம்எல் என்ற பொது வகைகளுக்குப் பொருத்தும் அட்டவணை ஒன்று, நீங்கள் பயன்படுத்தும் நூலகத்துக்குள் இருக்கிறது. ஜாவாவில் அது சிஸ்டம்ஃப்ளேவர்மேப். க்யூடியில் க்யூமைம்டேட்டாவுக்குப் பின்னால் நிற்கும் மாற்றிகள். பிழை பெரும்பாலும் இந்த அட்டவணையின் ஏதோ ஒரு வரியில் இருக்கும்.

எனவே, பிழை நிகழ்ந்த கணினியிலேயே, பிழை தந்த அதே நகலை வைத்துக்கொண்டு, பட்டியலை எடுங்கள். எக்ஸ்11-இல் எக்ஸ்கிளிப் கருவியிடம் டார்கெட்ஸ் என்ற இலக்கைக் கேட்டால் போதும். வேலாண்டில் டபிள்யூஎல்-பேஸ்ட் கருவிக்கு வகைகளைப் பட்டியலிடும் விருப்பம் உண்டு. விண்டோஸில் கிளிப்போர்டின் உள்ளே பார்க்கும் சிறு இலவசக் கருவிகள் கிடைக்கின்றன; வடிவங்களை வரிசையாக எண்ணித் தரும் பத்துப் பதினைந்து வரி நிரலை நீங்களே எழுதியும் வைத்துக்கொள்ளலாம். பெயர்களோடு ஒவ்வொரு வடிவத்தின் முதல் நாற்பது பைட்டுகளையும் அச்சிடச் செய்யுங்கள்.

சோதனைக்கு ஆங்கிலச் சொல்லை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். ஆங்கில எழுத்து பெரும்பாலான குறியாக்கங்களில் சேதமின்றித் தப்பிவிடும். யூடிஎஃப்-8-இல் எழுத்தின் எண்ணிக்கையும் பைட்டின் எண்ணிக்கையும் ஒன்றாகவே வரும். "கோயம்புத்தூர்" என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 13 குறியீட்டுப் புள்ளிகள் (எழுத்துக்கும் துணைக்குறிக்கும் யூனிகோட் தரும் தனித்தனி எண்கள்) இருக்கின்றன. யூடிஎஃப்-8-இல் 39 பைட்டுகள், யூடிஎஃப்-16-இல் 26 பைட்டுகள். இந்த மூன்று எண்களும் வேறு வேறாக இருப்பதால் எந்தக் கணக்கு எங்கே தவறுகிறது என்று உடனே பிடிபடும்.

அறிகுறி: தமிழ் முழுவதும் கேள்விக்குறிகள்

"திருப்பூர்" என்று நகலெடுத்தால் பத்துக் கேள்விக்குறிகள் வருகின்றன. எண்ணிப் பாருங்கள். அந்தச் சொல்லில் உள்ள குறியீட்டுப் புள்ளிகளும் பத்து. எண்கள் ஒத்துப்போனால், யூனிகோட் உரை ஒற்றை பைட் குறியாக்கத்துக்குள் திணிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். விண்டோஸ் இயல்பாகப் பயன்படுத்தும் ஒற்றை பைட் குறியாக்கப் பக்கங்களில் தமிழுக்கென ஒன்று கிடையாது. ஆகவே ஒவ்வொரு புள்ளியும் கேள்விக்குறியாகிறது, மூல எழுத்து அங்கேயே அழிகிறது. ஒட்டிய பக்கத்தில் என்ன செய்தாலும் அதை மீட்க முடியாது.

விண்டோஸ் 1, 13 ஆகிய இரு உரை வடிவங்களில் ஒன்று இருந்தால் மற்றொன்றைத் தானே உருவாக்கிப் பட்டியலில் சேர்த்துவிடும். அதனால் உங்கள் நிரல் 1-ஐக் கேட்டாலும் "கிடைத்தது" என்றே பதில் வரும், கேள்விக்குறியோடு. திருத்தம்: டெக்ஸ்ட்/பிளெயின் வகைக்கான பொருத்தத்தில் 13 முதலில் வரவேண்டும்; 1 கடைசி இடத்துக்குப் போகவேண்டும். ஜாவாவின் இயல்பு அட்டவணை இதைச் சரியாகவே வைத்திருக்கிறது. யாராவது தம் வசதிக்காக வரிசையை மாற்றி எழுதியிருக்கிறார்களா என்று தேடுங்கள். மேக்கில் இதற்கு இணையானது பழைய மேக் உரை அடையாளம். எக்ஸ்11-இல் ஸ்ட்ரிங் என்ற இலக்கு. அது லத்தீன்-1 குறியாக்கத்துக்கானது, தமிழுக்கு இடமில்லை. அங்கே யூடிஎஃப்8_ஸ்ட்ரிங்கைத்தான் முதலில் கேட்கவேண்டும்.

உங்கள் மேசையில் பிழை வராமல் பயனரின் மேசையில் மட்டும் வருகிறதா? விண்டோஸ் வட்டார அமைப்பில், உலக மொழிகள் எல்லாவற்றுக்கும் யூடிஎஃப்-8-ஐப் பயன்படுத்தும் விருப்பம் உங்கள் கணினியில் இயக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இயக்கப்பட்டிருந்தால் ஒற்றை பைட் பக்கத்தின் இடத்தை 65001 பிடித்துக்கொள்ளும், பிழை மறைந்துவிடும். அதை அணைத்த கணினி ஒன்று சோதனைக்குக் கட்டாயம் வேண்டும்.

அறிகுறி: சாய்கோடு போட்ட ரோமன் எழுத்தும் வட்டத்துக்குள் ஆர் குறியும் மாறி மாறி வருகின்றன

இது நல்ல செய்தி, ஏனென்றால் தரவு இன்னும் சாகவில்லை. யூடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுப் புள்ளியும் 224, 174 என்றோ 224, 175 என்றோ தொடங்கும். அந்த பைட்டுகளை விண்டோஸ்-1252 என்று நினைத்துப் படித்தால் 224 சாய்கோடு தாங்கிய சிறிய ரோமன் ஏ ஆகிறது, 174 வட்டத்துக்குள் ஆர் ஆகிறது. அதாவது வடிவத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். அதோடு சேர்ந்து வரவேண்டிய குறியாக்கப் பெயர்தான் விடுபட்டிருக்கிறது. டெக்ஸ்ட்/எச்டிஎம்எல் என்று மட்டும் எழுதியிருக்கும் பொருத்த வரியில் குறியாக்கம் யூடிஎஃப்-8 என்ற அளபுருவைச் சேர்த்தால் சரியாகிவிடும்.

ஏற்கெனவே இப்படிச் சேமிக்கப்பட்ட பழைய பதிவுகளைத் திருப்பி மாற்றலாம் என்று தோன்றும். கவனம் தேவை. மெய்யெழுத்தின் மேலிடும் புள்ளியின் மூன்றாவது பைட் 141. உகரக் குறியின் மூன்றாவது பைட் 129. ஏ, ஐ ஆகிய உயிர்களுக்கு 143, 144. இந்த நான்கு எண்களுக்கும் விண்டோஸ்-1252-இல் எழுத்தே ஒதுக்கப்படவில்லை. சில மாற்றிகள் அவற்றை அப்படியே கடத்துகின்றன, சில தூக்கி எறிந்துவிடுகின்றன. எறிந்திருந்தால் "திருப்பூர்" திரும்பி வரும்போது மெய்ப்புள்ளிகளும் "ரு"வின் உகரக் குறியும் இருக்காது. எனவே, தானியங்கி மீட்பை நடத்தும் முன் மூல பைட்டுகளில் 141 இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அகராதியை வைத்து மனிதர் ஒருவர் திருத்தவேண்டியதுதான்.

இதன் உடன்பிறப்பு ஒன்று உண்டு. ஒவ்வோர் இரண்டாவது பைட்டும் 11 என்று இருந்தால் அது சிறு முனை யூடிஎஃப்-16. தமிழ்ப் பகுதியின் மேல் பைட் எப்போதும் 11-தான். லினக்ஸில் சில நிரல்கள் டெக்ஸ்ட்/எச்டிஎம்எல் என்ற பெயரிலேயே யூடிஎஃப்-16 உரையைத் தந்துவிடுகின்றன. தொடக்கத்தில் 255, 254 இருந்தால் ஐயமே வேண்டாம்.

அறிகுறி: கட்டங்கள்

கணினியில் தமிழ் எழுத்துரு இல்லை. தரவு நலமாக இருக்கிறது. பொருத்த அட்டவணையைத் தொடாதீர்கள்.

அறிகுறி: தமிழ் இருந்த இடத்தில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள்

கோபி, பெருந்துறை, சென்னிமலைப் பக்கத்து அச்சகங்களிலிருந்து வரும் கோப்புகளில் இதைப் பார்க்கலாம். திருமண அழைப்பிதழ், லேபிள், அட்டைப்பெட்டி வாசகம் எல்லாம் பழைய எழுத்துருக்களில் அடிக்கப்பட்டிருக்கும். பாமினி எழுத்துருவில் "தமிழ்" என்ற சொல் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ரோமன் எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகத்தான் சேமிக்கப்படுகிறது. திரையில் அதைத் தமிழாகக் காட்டுவது எழுத்துருவின் வேலை. நகலெடுத்து வெற்று உரையாக ஒட்டியவுடன் எழுத்துருவின் பெயர் உதிர்ந்துவிடுகிறது, எலும்புக்கூடு மட்டும் வருகிறது.

1999-இல் தமிழ்நாடு அரசு டேம், டேப் குறியாக்கங்களைத் தரமாக்கியது. 2010-இல் யூனிகோடையும் டேஸ்16-ஐயும் ஏற்றது. ஆயினும் அச்சகங்களின் வட்டுகளில் பல ஆண்டுக் கோப்புகள் பழைய குறியாக்கங்களிலேயே கிடக்கின்றன. அவற்றை வைத்திருப்பவர்களைக் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தக் கோப்புகள் அவர்களுடைய உழைப்பு. அவற்றை வாங்கிக்கொள்வது நம் மென்பொருளின் பொறுப்பு.

இங்கே பொதுவாகச் செய்யப்படும் தவறு, வெற்று உரையைப் பார்த்து அது பாமினியா ஆங்கிலமா என்று ஊகிப்பது. அது நம்பத்தக்க வழியல்ல. அளவுப் பட்டியலில் வரும் எம், எல், எக்ஸ்எல் என்பவற்றைத் தமிழென்று நினைத்து மாற்றிவிட்டால் ஆர்டரே குழம்பும். சரியான வழி வேறு வடிவத்தைக் கேட்பது. வேர்டு போன்ற நிரல்கள் அதே நகலை ஆர்டிஎஃப் ஆகவும் எச்டிஎம்எல் ஆகவும் தருகின்றன. அவை இரண்டிலும் எழுத்துருவின் பெயர் ஒவ்வொரு துண்டோடும் ஒட்டியிருக்கும். அதைப் படித்து, எந்தத் துண்டு எந்தப் பழைய எழுத்துருவில் இருக்கிறதோ அந்தத் துண்டை மட்டும் அதற்குரிய அட்டவணையால் யூனிகோடுக்கு மாற்றுங்கள். ஏரியல் எழுத்துருவில் இருக்கும் "எக்ஸ்எல்" தொடப்படாமல் தப்பிக்கும்.

மாற்றும்போது வரிசையையும் கவனியுங்கள். பழைய குறியாக்கங்களில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் சங்கிலிக்கொம்பும் கண்ணுக்குத் தெரியும் வரிசையில், மெய்க்கு முன்னால் நிற்கும். யூனிகோடில் அவை மெய்க்குப் பின்னால் வரவேண்டும். எழுத்துக்கு எழுத்து மாற்றும் அட்டவணை மட்டும் போதாது, இடம் மாற்றும் படி ஒன்றும் தேவை.

அறிகுறி: ஒட்டிய உரையின் தலையில் வெர்ஷன், ஸ்டார்ட்எச்டிஎம்எல் என்ற வரிகள், அல்லது உரை மூன்றில் ஒரு பங்கில் அறுந்துபோகிறது

இரண்டுக்கும் வேர் ஒன்றே. விண்டோஸின் எச்டிஎம்எல் வடிவம் வெறும் எச்டிஎம்எல் அல்ல. அதன் முன்னால் ஒரு சிறு முன்னுரை இருக்கும். முழு ஆவணம் எந்த பைட்டில் தொடங்கி எதில் முடிகிறது, நகலெடுத்த துண்டு எதில் தொடங்கி எதில் முடிகிறது என்ற நான்கு எண்கள் அதில் வரும். அந்த வடிவத்தை டெக்ஸ்ட்/எச்டிஎம்எல்லுக்கு நேராகப் பொருத்திவிட்டால் முன்னுரையும் சேர்ந்து பயனர் கண்ணில் படும். ஜாவாவும் க்யூடியும் தம் இயல்பு மாற்றிகளில் இதை வெட்டிவிடுகின்றன. நீங்களே மாற்றி எழுதினால் நீங்களே வெட்டவேண்டும்.

அறுந்துபோவதுதான் ஆங்கிலத்தில் தெரியாமல் தமிழில் தெரியும் துன்பம். அந்த நான்கு எண்களும் யூடிஎஃப்-8 பைட்டுகளின் எண்ணிக்கை. நிரலாளர் எழுத்துச் சரத்தின் நீளத்தை எடுத்துப் போட்டுவிடுகிறார். ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்று, சோதனை வெற்றி. தமிழில் ஒவ்வொரு குறியீட்டுப் புள்ளியும் மூன்று பைட். 300 புள்ளிகள் கொண்ட குறிப்பு 900 பைட் நீளம். முடிவு எண்ணை 300 தள்ளி வைத்தால் முதல் நூறு புள்ளிகள் மட்டும் போய்ச் சேரும். இடையில் ஆங்கிலமோ எண்ணோ கலந்திருந்தால் வெட்டு ஓர் எழுத்தின் நடு பைட்டில் விழுந்து, கடைசியில் சாய்சதுரத்துக்குள் ஒரு கேள்விக்குறியும் தோன்றலாம். கட்டிங் மாஸ்டருக்குப் போகும் குறிப்பில் "இந்த நிறத்தை வெட்டவேண்டாம்" என்பது கடைசி வரியாக இருந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். மேசைமேல் விரித்த துணி திரும்பி வராது.

எழுதும் பக்கத்துக்கான ஒழுங்கு இது. முதலில் முழு உள்ளடக்கத்தையும் யூடிஎஃப்-8 பைட்டுகளாக்குங்கள். முன்னுரையின் எண்களைப் பத்து இலக்கமாக, முன்னால் சுழியிட்டு எழுதுங்கள். அப்போது முன்னுரையின் நீளம் எண்ணைப் பொறுத்து மாறாது. பிறகு பைட்டுகளின் மேல் கணக்கிட்டு நிரப்புங்கள். படிக்கும் பக்கத்தில், பைட்டுகளை வெட்டிய பிறகே எழுத்தாக்குங்கள். முதலில் எழுத்தாக்கிவிட்டு அந்த எண்களால் வெட்டினால், முடிவு எண் சரத்தின் நீளத்தைத் தாண்டி விதிவிலக்கு வரும். "எல்லைக்கு வெளியே" என்ற பிழைச்செய்தி தமிழ் உரைக்கு மட்டும் வருகிறது என்றால் இதுதான்.

அறிகுறி: உரையின் கடைசியில் குப்பை, வரிக்கு வரி ஒரு வெற்று வரி, அட்டவணையின் அடியில் ஒரு காலி வரிசை

ஜாவாவின் விண்டோஸ் அட்டவணையில் யூனிகோட் உரைக்கான வரியைப் பாருங்கள். குறியாக்கம் சிறு முனை யூடிஎஃப்-16, வரிமுடிவு இரண்டு எழுத்து, உரை முடிந்ததைக் காட்டும் முடிவுச் சுழி இரண்டு பைட் என்று மூன்றையும் சொல்கிறது. உங்கள் பொருத்தத்தில் முடிவுச் சுழி குறிப்பிடப்படாவிட்டால் அது உரையோடு ஒட்டி வரும். விண்டோஸ் ஒதுக்கும் நினைவகம் கேட்டதைவிடப் பெரிதாக இருக்கலாம். மொத்த அளவையும் படித்தால் சுழிக்குப் பின்னுள்ள பழைய எச்சமும் வந்துவிடும். உரையைச் சுழி வரை மட்டும் படியுங்கள். உங்கள் சொந்த இருநிலை வடிவமாக இருந்தால் அதன் தலையிலேயே நீளத்தை எழுதிவையுங்கள்.

வெற்று வரிகள் வருவது, இரண்டு எழுத்து வரிமுடிவை இரண்டு வரிமுடிவுகளாக எண்ணுவதால். காலி வரிசை வருவது, எக்செல் தன் உரையின் கடைசியிலும் ஒரு வரிமுடிவை வைப்பதால். அந்த ஒன்றை மட்டும் நீக்குங்கள். எல்லாவற்றையும் துடைத்தால், பயனர் வேண்டுமென்றே விட்ட காலிக் கட்டங்களும் போய்விடும்.

அறிகுறி: நம் நிரலிலிருந்து வெளியே போகிறது, திரும்பி உள்ளே வரவில்லை, அல்லது நம் நிரல்களுக்குள் மட்டும் போகிறது

அளவு வாரியான எண்ணிக்கை, நிறம், ஸ்டைல் எண் ஆகியவற்றை ஒரே கட்டாக நகலெடுக்கச் சொந்த வகை ஒன்றை வைத்திருக்கிறீர்கள். பிரச்சினை இங்கேதான் ஆழமானது, ஏனென்றால் இயல்பு அட்டவணை கைகொடுக்காது.

ஜாவாவில் பொருத்தம் ஒருவழிப் பாதை. பொது வகையிலிருந்து இயங்குதளப் பெயருக்கு ஒரு வரி, இயங்குதளப் பெயரிலிருந்து பொது வகைக்கு வேறொரு வரி. ஆட் அன்என்கோடட் நேட்டிவ் ஃபார் ஃப்ளேவர் என்ற செயற்கூறு முதல் திசையை மட்டும் அமைக்கிறது. ஆட் ஃப்ளேவர் ஃபார் அன்என்கோடட் நேட்டிவ் இரண்டாவது திசைக்கு. பலர் ஒன்றை மட்டும் அழைத்துவிட்டு நின்றுவிடுகிறார்கள். இரண்டும் வேண்டும். மேலும், இப்படிச் சேர்க்கும் பொருத்தம் ஏற்கெனவே இருப்பவற்றுக்குக் கீழேதான் போய் உட்காரும். முன்னுரிமை தேவையென்றால் முழு வரிசையையும் புதிதாக அமைக்கும் செட் வகைச் செயற்கூறுகளைப் பயன்படுத்துங்கள்.

பொருத்தமே செய்யாவிட்டால் ஜாவா என்ன செய்கிறது? மைம் வகையின் பெயருக்கு முன்னால் ஜாவா_டேட்டாஃப்ளேவர் என்ற முன்னொட்டைச் சேர்த்து, அதையே இயங்குதளப் பெயராகப் பதிவுசெய்கிறது. இரண்டு ஜாவா நிரல்களுக்கு இடையே இது அருமையாக வேலை செய்யும். சி++-இல் எழுதிய வேறொரு நிரலுக்கு அந்தப் பெயர் தெரியாது. பட்டியலில் அந்த முன்னொட்டைக் கண்டால் பொருத்தம் விடுபட்டிருக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம்.

பெயர் சரியாக இருந்தும் உள்ளடக்கம் புரியவில்லையா? முதல் இரண்டு பைட்டுகளைப் பாருங்கள். 172, 237 என்றிருந்தால் ஜாவா தன் பொருளை வரிசைப்படுத்தி எழுதியிருக்கிறது. வகையின் பிரதிநிதி வகுப்பை இன்புட்ஸ்ட்ரீம் என்று மாற்றி, பைட்டுகளை நீங்களே கொடுங்கள். அப்போதுதான் எந்த மொழியில் எழுதிய நிரலும் படிக்கும் வடிவம் கிடைக்கும். அந்த பைட்டுகளுக்குள் யூடிஎஃப்-8 உரையாக ஜேசன் வைப்பதே என் விருப்பம். ஐந்தாண்டு கழித்து வருபவரும் கண்ணால் படித்துவிடலாம்.

க்யூடி வேறு வழியில் போகிறது. உங்கள் மைம் பெயரையே விண்டோஸில் வடிவப் பெயராகப் பதிவுசெய்கிறது. மற்றவர் பதிவுசெய்த, மைம் உருவில் இல்லாத பெயர்களை, அப்ளிகேஷன்/எக்ஸ்-க்யூடி-விண்டோஸ்-மைம் என்ற வகைக்குள் மதிப்பாக வைத்துக் காட்டுகிறது. ஜாவா நிரலும் க்யூடி நிரலும் ஒரே அலுவலகத்தில் பேசிக்கொள்ள வேண்டுமானால், இரண்டு பக்கமும் ஒரே பெயரை வெளிப்படையாகப் பொருத்துங்கள். இயல்புகளை நம்பவேண்டாம்.

சொந்த வகையை வெளியிடும்போது வெற்று உரையையும் எச்டிஎம்எல் அட்டவணையையும் கூடவே வையுங்கள். மெர்ச்சண்டைசர் அதை மின்னஞ்சலில் ஒட்டினால் ஏதாவது தெரியவேண்டும்.

அறிகுறி: எக்செல் அட்டவணையை ஒட்டினால் படமாக வருகிறது

எக்செல் ஒரே நகலுக்குப் பல வடிவங்களைப் பட்டியலிடுகிறது. படமும் அதில் ஒன்று. உங்கள் நிரல் தனக்குத் தெரிந்த முதல் வடிவத்தை எடுத்துக்கொள்கிறது. ஒரே முன்னுரிமை வரிசையை எல்லா இடத்துக்கும் வைக்காதீர்கள். அட்டவணைக் கட்டத்தில் ஒட்டும்போது எச்டிஎம்எல், பிறகு உரை. குறிப்புப் பெட்டியில் உரை மட்டும். படச் சட்டத்தில் படம். ஒட்டப்படும் இடம்தான் தீர்மானிக்கவேண்டும்.

அறிகுறி: படத்தில் சிவப்பு நீலமாகிறது, படம் சாய்கிறது, தலைகீழாகிறது, பின்புலம் கறுக்கிறது

சாயப்பட்டறைக்கு நிறம் பார்த்து அனுப்பும் ஊரில் முதல் அறிகுறி மிக ஆபத்தானது. விண்டோஸின் 8-ஆம் எண் வடிவம் நிறங்களை நீலம், பச்சை, சிவப்பு என்ற வரிசையில் வைக்கிறது. மாற்றாமல் எடுத்தால் சிவப்பும் நீலமும் இடம் மாறும்.

சாய்வது, ஒவ்வொரு கிடை வரியும் நான்கு பைட்டின் மடங்காக நிரப்பப்படுவதை மறப்பதால். 250 புள்ளி அகலமுள்ள 24 பிட் படத்தின் வரி 750 பைட் அல்ல, 752. தலைகீழாவது, உயரம் நேர்மறை எண்ணாக இருந்தால் கீழ் வரியே முதலில் வரும் என்பதால். கோப்பாகச் சேமித்தால் திறக்க மறுக்கிறது என்றால், கிளிப்போர்டு வடிவத்தில் 14 பைட் கோப்புத் தலைப்பு இல்லை; அதை நீங்கள் சேர்க்கவேண்டும். பின்புலம் கறுத்தால் ஒளிபுகும் தன்மை தொலைந்திருக்கிறது. பட்டியலில் பிஎன்ஜி என்று பதிவுசெய்த வடிவம் இருந்தால் அதையே முதலில் எடுங்கள். இல்லாவிட்டால் 17-ஆம் எண் வடிவம்.

அறிகுறி: கோப்பின் பெயர் விழுக்காட்டுக் குறிகளாக வருகிறது

லினக்ஸில் கோப்புகள் டெக்ஸ்ட்/யூஆர்ஐ-லிஸ்ட் என்ற வகையில் வருகின்றன. ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுப் புள்ளியும் அதில் ஒன்பது எழுத்தாக விரியும். யூடிஎஃப்-8 என்று கொண்டு அவிழ்க்கவேண்டும். # குறியில் தொடங்கும் வரிகள் கருத்துரை, அவற்றை விட்டுவிடுங்கள். வெட்டியதா நகலெடுத்ததா என்ற செய்தி இந்த வகையில் கிடையாது. விண்டோஸில் விரும்பும் விளைவைச் சொல்லும் தனி வடிவமும், க்னோமில் தனி வகையும் அதற்காக இருக்கின்றன. அவற்றைப் படிக்காமல் கோப்பை நகர்த்தாதீர்கள்.

அறிகுறி: ஒட்டியது சரியாகத் தெரிகிறது, தேடினால் கிடைக்கவில்லை

"கொங்கு" என்ற சொல்லை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒகரக் குறியை ஒரே புள்ளியாக வைத்தால் ஆறு புள்ளிகள். ஒற்றைக்கொம்பும் காலுமாகப் பிரித்தால் ஏழு. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பழைய மேக் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்தே சேமிக்கும். அங்கிருந்து நகலெடுத்த "ஈரோடு", "கோயம்புத்தூர்" எல்லாம் பிரிந்த உருவில் வரும். கிளிப்போர்டு இதைச் சரிசெய்யாது, செய்யவும் கூடாது. பொது வகையாக மாறிய பிறகு, தரவுத்தளத்துக்குள் போகும் வாசலில், யூனிகோடின் சேர்ந்த உருவுக்கு மாற்றுங்கள். தேடும் சொல்லையும் அதே உருவுக்கு மாற்றுங்கள்.

அறிகுறி: கிளிப்போர்டு சில நேரம் காலியாக இருக்கிறது, சில நேரம் திறக்க மறுக்கிறது

எக்ஸ்11-இல் தரவு நகலெடுத்த நிரலிடமே இருக்கிறது. அதை மூடினால் தரவும் போகும், கிளிப்போர்டு மேலாளர் ஒன்று முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தால் தவிர. உங்கள் நிரல் மூடும்போது மேலாளரிடம் ஒப்படைக்கும் வழியைப் பயன்படுத்துங்கள். பெரிய தரவு துண்டு துண்டாக வரும் என்பதையும் படிக்கும் பக்கம் எதிர்பார்த்திருக்கவேண்டும்.

விண்டோஸில் ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் கிளிப்போர்டைத் திறந்து வைத்திருக்க முடியும். தொலைநிலை மேசையும் கிளிப்போர்டு வரலாற்றுக் கருவிகளும் ஒவ்வொரு நகலுக்குப் பின்னும் ஓடிவந்து திறக்கின்றன. அந்தக் கணத்தில் நீங்கள் கேட்டால் மறுப்பு வரும். ஜாவாவில் அது இல்லீகல்ஸ்டேட் விதிவிலக்காகத் தெரியும். சிறிய இடைவெளி விட்டுச் சில முறை மீண்டும் கேளுங்கள். அதற்கும் கிடைக்காவிட்டால் "கிளிப்போர்டு வேறொரு நிரலின் பிடியில் இருக்கிறது, சற்றுப் பொறுத்து ஒட்டவும்" என்று பயனரிடம் தமிழில் சொல்லுங்கள். பழைய தரவை மட்டும் பேசாமல் ஒட்டிவிடாதீர்கள். அது முந்தைய ஆர்டரின் எண்ணிக்கையாக இருக்கக்கூடும்.